செயலாளரின் ஆண்டறிக்கை: 2025 கூடைப் பொருள் சேகரிப்பு

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றுப் பகுதியில், கரூக் பழங்குடியினர் பின்னும் கூடைக்கான பொருள் சேகரிப்பு பற்றியது இவ்வறிக்கை. கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே படிப்பார்.

முதலில் ஹேசல் என்னும் கொட்டைப் புதர். கூடையின் பாவுக் குச்சி, அதாவது நெடுக்காக நிற்கும் குச்சி, இதுதான். புதர் எரிந்தபின் அடியிலிருந்து நேராகக் கிளம்பி, ஒன்றிரண்டு வளர்பருவம் கண்ட குச்சியே உதவும். தீ படாத புதரில் குச்சி கோணும், கிளைக்கும், பூச்சி துளைக்கும். துளையுள்ள குச்சியை வளைத்தால் அந்த இடத்திலேயே முறியும். வசந்தத்தில் மொட்டு விரியும்போது சாறு ஏறியிருக்கும்; பட்டை கையோடு வழுக்கி வரும். அந்த நாட்கள் கொஞ்சம்தான். இவ்வாண்டு தாமதமாக வெட்டிய சில கட்டுகளில் பட்டை ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டியதில் குச்சியின் மேனி காயப்பட்டு அவை வீணாயின. வெட்டிய குச்சியை உடனுக்குடன் உரியுங்கள். உரித்ததும் வெயிலில் பரப்பி, வளைவைக் கையால் நிமிர்த்தித் திருப்பிவிட்டு, காய்ந்தபின் பருமன்வாரியாகக் கட்டுங்கள். ஒரே கூடையில் பருமன் மாறினால் சுவர் ஒரு பக்கம் புடைக்கும்.

கூடையின் வெள்ளைக் கோலத்துக்கான பேர்கிராஸ், புல் போன்ற செடி; மலை உயரத்தில் வளர்வது. எரிந்த மறு கோடையில் வரும் இலை மெல்லியது, வளையும். பழைய இலை தடித்து நொறுங்கும். செடியின் அடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, நடு இலைகளில் சிலவற்றை மட்டும் உருவுங்கள். வேரோடு பெயர்ந்தால் அந்தச் செடி போயிற்று. வெயிலில் வெளுத்தபின் நடுநரம்பை நீக்க வேண்டும்.

கறுப்புக்கு மெய்டன்ஹேர் பெரணியின் தண்டு. அதைப் பிளந்தால் ஒரு பக்கம் பளபளக்கும் கறுப்பு, மறுபக்கம் செம்பழுப்பு. கறுப்புப் பாதியே வேண்டும். சிவப்புக்கு வுட்வார்டியா பெரணி: தண்டை நசுக்கினால் உள்ளே இரண்டு தட்டை நார்கள் கிடைக்கும். ஆல்டர் மரப்பட்டைச் சாயத்தில் அவை செம்பழுப்பாகும்.

பாவுக் குச்சிகளுக்குக் குறுக்கே பின்னும் ஊடைக்கு வில்லோ மர வேரும் பைன் மர வேரும். பைன் வேரைச் சூட்டில் வேகவைத்து, சூடு ஆறுமுன் பிளக்க வேண்டும். ஆறினால் பிளவு ஓரத்துக்கு ஓடிவிடும்.

களைக்கொல்லி அடித்த இடத்தில் எதையும் எடுக்க வேண்டாம். பின்னும்போது நாரைப் பல்லில் கடித்துப் பிடிக்கிறோம். நஞ்சு நேரே வாய்க்குள் போகும்.

தீயின்றி இவற்றில் பாதி இல்லை. தேசிய வனங்கள் பற்றிய 1911 வீக்ஸ் கூட்டரசுச் சட்டத்துக்குப் பின் காட்டில் தீ அடக்கப்பட்டதால் நல்ல குச்சிக்காடுகள் அடர்ந்து கெட்டன. 2025 பிப்ரவரியில் கரூக் பழங்குடிக்கும் கலிபோர்னியா மாநிலத்துக்கும் கையெழுத்தான ஒப்பந்தத்தால், பண்பாட்டுத் தீயிடலுக்கு, அதாவது மரபுப்படி காட்டில் அளவாகத் தீ வைப்பதற்கு, மாநில அனுமதித் தடைகள் நீங்கியுள்ளன. நமக்கு இது பெரும் மகிழ்ச்சி. ஆனால் மூதாதையர் நிலத்தில் பெரும்பகுதி கிளாமத், சிக்ஸ் ரிவர்ஸ் தேசிய வனங்களுக்குள் இருக்கிறது. அங்கே கூட்டரசின் நடைமுறை வேறு. அடுத்து எரிக்க வேண்டிய ஹேசல் திட்டுகளை உறுப்பினர்கள் இப்போதே குறித்துத் தர வேண்டும். இவ்விலையுதிர்காலத்தில் எரியாத திட்டில் வரும் வசந்தம் மட்டுமல்ல, அதற்கடுத்த வசந்தமும் குச்சி கிடைக்காது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்