வெளியூர் வேட்பாளர் குறித்து அப்பாவுக்கு

வெஸ்ட்மீட், சிட்னி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நாகர்கோவிலில் இந்த முறையும் வெளியூர்க்காரர் ஒருவரை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று கொதித்துப்போய் எழுதியிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவிலாவது தொகுதிக்காரர்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அப்படி ஒரு சட்டம் இங்கும் இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய குடிமகன், வாக்காளராகும் தகுதி உள்ளவர் என்றால் நாடாளுமன்றத்துக்கு எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். வேறொரு நாட்டின் குடியுரிமை ஒட்டிக்கொண்டிருந்தால் விடமாட்டார்கள். துணைப் பிரதமராக இருந்த பார்னபி ஜாய்ஸ், தந்தை வழியில் தமக்கு நியூசிலாந்துக் குடியுரிமை இருந்த காரணத்தால் 2017-இல் பதவியிழந்து, அதைத் துறந்த பிறகு இடைத்தேர்தலில் நின்றுதான் திரும்பி வர முடிந்தது. எந்த நாட்டுக்காரர் என்று இவ்வளவு துருவிப் பார்க்கும் சட்டம், எந்த ஊர்க்காரர் என்று கேட்பதே இல்லை என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சட்டம் கேட்காததை மக்கள் கேட்ட கதை ஒன்று உண்டு. வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்க நாங்கள் போகும் கப்ரமட்டா, வியட்நாமியர்கள் நிறைந்து வாழும் இடம். அது ஃபௌலர் தொகுதியில் இருக்கிறது. 1984-இல் அந்தத் தொகுதி உருவானதிலிருந்து தொழிற்கட்சியைத் தவிர வேறு யாரும் அங்கே வென்றதில்லை. 2022 தேர்தலுக்கு முன், வியட்நாமிய அகதிக் குடும்பத்தில் பிறந்த ஓர் இளம் வழக்கறிஞரை நிறுத்தப் பரிந்துரை இருந்தும், கட்சித் தலைமை அவரை ஒதுக்கிவிட்டு, முன்னாள் மாநில முதல்வரும் அப்போதைய செனட்டருமான கிறிஸ்டினா கெனீலியை நிறுத்தியது. அவர் குடியிருந்ததோ நகரின் வடகோடியில், படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஸ்காட்லாந்து தீவில். தேர்தலுக்காகத் தொகுதிக்குள் வீடு மாறினார் என்றாலும், "படகில் வந்தவர்" என்று எங்கள் காய்கறிக் கடைக்காரப் பெண்மணி சிரித்தபடி சொன்னது எனக்கு மறக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் படகில் வந்தவர்தான், ஆனால் தென்சீனக் கடலைக் கடந்து.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மனக்குறை இருந்தது. 2021-இல் கொரோனா ஊரடங்கின்போது மேற்குச் சிட்னிக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள்; இரவு 9 மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, தெருக்களில் காவலர்களோடு ராணுவ வீரர்களும் வந்தார்கள். எங்கள் வெஸ்ட்மீடும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாங்கள் பூட்டிய வீட்டுக்குள் இருந்தபோது, கடற்கரைப் பகுதிகளில் மக்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஃபேர்ஃபீல்டு நகரசபையின் துணை மேயராக அந்த வட்டாரத்திலேயே புழங்கிக்கொண்டிருந்த டாய் லே, 2022-இல் ஃபௌலரில் கெனீலியை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றார். குழந்தையாக இருந்தபோது சைகோனிலிருந்து தப்பி, அகதி முகாம்களைக் கடந்து வந்தவர். 38 ஆண்டுக் கோட்டை அவரிடம் விழுந்தது. 2025 தேர்தலில் தொழிற்கட்சி, முன்பு தான் ஒதுக்கிய அதே வழக்கறிஞரை நிறுத்தியும் டாய் லேயே வென்றார். காலம் கடந்து வந்த மரியாதையை மக்கள் ஏற்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இத்துடன் நிறுத்தினால் உங்கள் பக்கம் வென்றுவிடும். ஆனால் 2022 தேர்தலில் எங்கள் பாரமட்டா தொகுதிக்கும் அதே கட்சி வெளியாளைத்தான் அனுப்பியது. பொருளாதார அறிஞரான ஆண்ட்ரூ சார்ல்டன், கிழக்கே பணக்காரர்கள் வாழும் பெல்வியூ ஹில் பகுதியிலிருந்து வந்தார். எனக்கு அது முதல் வாக்கு. பச்சை நிற வாக்குச்சீட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, இங்குள்ள முறைப்படி எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டியிருந்ததால் நெடுநேரம் நின்றேன். அவரை எத்தனையாவதாகப் போட்டேன் என்பதைச் சொல்ல மாட்டேன். அவர் வென்றார், 2025-இலும் வென்றார். வெளியாள் என்ற முறுமுறுப்பு எங்கள் தமிழ்க் குடும்பங்களிடையேயும் இருந்தது, பிறகு மெல்லத் தேய்ந்துவிட்டது.

இதை நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது, அப்பா. 1967-இல் பெற்ற ஊரான விருதுநகரே காமராஜரைத் தோற்கடித்தது. நம் எம்.பி.யாக இருந்த நேசமணி மறைந்தபின் 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் காமராஜரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நம் நாகர்கோவில். அன்று தாத்தா அவரை வெளியூர்க்காரர் என்று சொன்னதாக நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே!

ஆகவே, வரப்போகிறவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதை விட்டுவிடுங்கள். நம் தெருவுக்கு அவர் வாக்குக் கேட்டு வரும்போது, 2017-இல் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் நம் கரையோர ஊர்களெல்லாம் அழுதுகொண்டிருந்த நாட்களில் அவர் எங்கே இருந்தார், அதன் பிறகாவது அங்கே எத்தனை முறை போனார் என்று மட்டும் கேளுங்கள். உள்ளூர் வேட்பாளரிடமும் இதையே கேளுங்கள். இருவரும் என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் மகள்