அந்தத் தெருவையும் பட்டியலில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரி 23ஆம் தேதி வந்தால் எங்கள் பகுதி ஆலயங்களில் கிரஹாம் ஸ்டெயின்ஸை நினைத்து ஜெபிக்கிறோம். 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்தவர் அவர். 1999இல் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் கிராமத்தில், தன் இரு மகன்களோடு வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரை ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மூத்தவன் பிலிப்புக்கு வயது 10, இளையவனுக்கு 6. கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று மனைவி கிளாடிஸ் சொன்னதைப் போதகர் விவரித்தபோது இந்த ஆண்டும் சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதே சபையில்தான், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வீடு சந்திப்புப் பட்டியலிலிருந்து ஒரு தெரு அடிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். பணிக்காலத்தின் பெரும்பகுதி தொழுநோய்ப் பிரிவில் கழிந்தது. உணர்வற்ற பாதங்களில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றி, ரப்பர் செருப்பு அளவெடுத்துப் பழகிய கை இது. ஓய்வுக்குப் பிறகு சங்கத்துப் பெண்களுக்குப் படுக்கைப் புண் பராமரிப்பு சொல்லிக்கொடுத்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்கு, எந்த மதத்தவரானாலும், போய்வந்தோம். இப்போது அடிக்கப்பட்ட தெருவில் ஒரு முதியவளின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் புண் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, உப்பு நீரால் கழுவிக் கட்டு மாற்றினால் ஆறக்கூடிய புண். அவள் செய்த குற்றம், எங்கள் ஜெபக்கூடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்த மனிதரைப் பெற்றது. அவர் எங்களை எதிர்க்கும் அமைப்பில் பொறுப்பில் இருப்பவர். தேர்தல் நேரத்தில் எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் கொடிக்கம்பத்துக்காக அடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. அதற்குப் பிறகு, "அந்தத் தெரு வேண்டாம்" என்று கமிட்டியில் முடிவாயிற்று.

நான் போவதை நிறுத்தவில்லை. அந்த வீட்டு மருமகள் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடுகிறாள். அவர்கள் பக்கத்திலும் அவளைக் கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். படுத்திருக்கும் அம்மா, "வா மக்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் கட்டவிழ்க்கத் தோதாக மறுபக்கம் திரும்பப் பார்ப்பாள். அவளுக்கு மனுவும் தெரியாது, கொடிக்கம்பமும் தெரியாது.

"நம்மை விரட்டப் பார்ப்பவனுக்கு நாம் ஊழியம் செய்தால் நம்மைக் கோழை என்று நினைப்பான்" என்று சபைப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவரிடம் லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படிக்கச் சொன்னேன். சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவுக்குத் தங்க இடம் தர மறுக்கிறது. வானத்திலிருந்து நெருப்பை இறக்கி அவர்களை அழிக்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். இயேசு அந்த இரு சீடர்களையும் அதட்டிவிட்டு வேறு ஊருக்குப் போகிறார். அடுத்த அதிகாரத்திலேயே, அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்று காப்பாற்றியவன் யார் என்ற கதையைச் சொல்கிறார். அந்தக் கதையில் நல்லவன் ஒரு சமாரியன். கதவைச் சாத்திய ஊரின் இனத்திலிருந்து அவர் அவனை எடுத்தார். நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடமாகச் சொல்கிறோம். அதற்கு முந்தைய அந்தச் சிறு சம்பவத்தை ஏனோ தாண்டிப் போய்விடுகிறோம்.

மன்னிப்பு என்றால் வழக்கை வாபஸ் வாங்குவது என்றும் சிலர் நினைக்கிறார்கள். கிளாடிஸ் அப்படிச் செய்யவில்லை. மன்னிப்பு தன் மனத்தைச் சேர்ந்தது, தண்டனை சட்டத்தைச் சேர்ந்தது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு தன் வழியில் நடந்து, கொலைக் கும்பலுக்குத் தலைமை தாங்கிய தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸும் என்னைப் போலச் செவிலியர். கணவனையும் இரு பிள்ளைகளையும் அடக்கம் செய்தபின் மகளோடு அதே பாரிபடாவில் தங்கி, 2004 வரை அந்தத் தொழுநோய் இல்லத்தை நடத்தினார். மேடையில் அவர் மன்னித்த கதையைச் சொல்பவர்கள் இந்த ஐந்தாண்டுகளைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு நொடியில் மன்னிப்பதைவிட, அதே ஊரில் மறுநாளும் காலையில் எழுந்து கட்டு மாற்றப் போவது கடினம். எங்கள் ஜெபக்கூட மனுவுக்கும் பதில் மனு போட்டிருக்கிறோம், அது நடக்கட்டும். அதற்கும் அந்த அம்மாவின் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றையும் என் சபையாரிடம் சொல்லியாக வேண்டும். போகிறவர்கள் பையில் துண்டுப் பிரசுரம் இருக்கக்கூடாது. அவர்களாகக் கேட்காமல் ஜெபமும் வேண்டாம். நோயாளியின் இயலாமையைச் சந்தர்ப்பமாக்கினால், நம்மேல் சந்தேகப்படுகிறவர்களின் சந்தேகம் நியாயமாகிவிடும்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிய பாடம் அல்ல. 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முகம் பாராமல் இருந்தபோது குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இரு தரப்பிலும் சமாதானம் பேசினார். சைவ மடத்தின் தலைவர் அவர். அவரால் எங்கள் மக்களிடம் வர முடிந்தது. எங்களால் நான்கு தெரு தாண்டிப் போக முடியாதா? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர்கூட எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை.

வரும் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் அந்தத் தெருவை மறுபடியும் சந்திப்புப் பட்டியலில் எழுத வேண்டும் என்று கடிதம் கொடுத்திருக்கிறேன். இதேபோல் பட்டியலைச் சுருக்கிக்கொண்ட மற்ற சபைகளும் தங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதைத் தங்கள் நாளிதழுக்கு அனுப்புகிறேன். என்னால் வாரத்துக்கு இரண்டு முறைதான் போக முடிகிறது. அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.