பாப்பாவின் காய்ச்சலுக்குப் பெயர் கண்டுபிடித்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு மருந்துக் கெடு முடிந்தது, கடைசி ஸ்கேனும் நல்லபடியாக வந்துவிட்டது. இனியும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

விசாரித்த பலருக்கு என்ன நோய் என்றே தெரியாது. மெலியாய்டோசிஸ், மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் ஒரு கிருமியால் வரும் தொற்று. போன ஐப்பசி மழையில் கடலூர் பக்கம் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீர் வடிந்த பிறகுதான் காய்ச்சல் தொடங்கியது, ஒரு காதுக்குக் கீழே வீங்கியது, பார்த்தவர்கள் எல்லாரும் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். வீக்கம் வடியாமல் சீழ் கட்டியது. அந்தச் சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் ஒரு லேபிலிருந்து ‘சூடோமோனாஸ்’ என்று வேறொரு கிருமியின் பெயரோடு வந்தது, அதற்குக் கொடுத்த மருந்து கேட்கவே இல்லை.

அடுத்துப் போன மருத்துவமனையின் நுண்ணுயிரியல் டாக்டர் அம்மா, முதல் நன்றி உங்களுக்குத்தான். ஜென்டாமைசின், கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமி சாதாரண அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்குகிறதே என்று அந்த ஒரு இடத்தில் சந்தேகப்பட்டு, கல்ச்சர் தட்டைத் தூக்கிப் போடாமல் இன்னும் சில நாள் வைத்திருந்து, அதில் காய்ந்து சுருங்கினாற்போல் வளர்ந்திருந்ததைப் பார்த்ததும் குழந்தைகள் டாக்டருக்கு நீங்களே போன் செய்தீர்கள். ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குத்தான் இது அதிகம் வருமாம், ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அப்புறம் எங்களை உட்கார வைத்து, இது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா, 1912-லேயே பர்மாவின் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள், இன்றைக்கும் டி.பி. என்றும் வேறு கிருமி என்றும் தவறிப்போகிறது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். கிருஷ்ணசாமி என்ற பெயரைக் கேட்டதும் ஏனோ எனக்குத் தைரியம் வந்தது.

குழந்தைகள் டாக்டர் சார், போன் வந்த அன்றே செஃப்டாசிடிம் ஊசி தொடங்கினீர்கள், கல்லீரல் மண்ணீரல் வரை ஸ்கேன் எடுத்து வேறெங்கும் சீழ் இல்லை என்று உறுதி செய்தீர்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகிறோம் என்று நாங்கள் நின்றபோது, ஊசி குறைந்தது இரண்டு வாரம், பிறகு வாய்வழி மருந்தாகக் கோ-ட்ரைமாக்சசோல் மூன்று மாதம், பாதியில் விட்டால் திரும்பி வரும் என்று பிடிவாதமாக இருந்தீர்கள். அந்தப் பிடிவாதத்துக்கு நன்றி. வார்டு சிஸ்டர்களுக்கும். ஊசி மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் போட அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காதபோதெல்லாம் குத்திக் குத்திப் பார்க்காமல், பாப்பா அழுது ஓயும்வரை காத்திருந்தீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சிலர் ஒதுங்கிய நாட்கள் அவை. ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது மிக அபூர்வம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதோடு சரி, மறுபேச்சு இல்லாமல் பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

மழைக்காலம் மறுபடி வருகிறது. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, சீழும் கட்டினால், மெலியாய்டோசிஸாக இருக்குமா என்று டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். ரிப்போர்ட்டுகள் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன, எந்த டாக்டர் கேட்டாலும் நகல் அனுப்புகிறோம்.