வடிவு, அந்த ஓட்டையை இப்போது அடைக்காதே

ரோண்டபாஷ், கேப் டவுன்
மார்ச் 11

அன்புள்ள வடிவு,

உன் கடிதம் நேற்று ராத்திரி வந்தது. பேரன் பேச ஆரம்பித்துவிட்டான், உன் முழங்கால் வலியும் தேவலை என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. “அட்டிக்கில் அணில் புகுந்துவிட்டது. சனிக்கிழமை ஆள் வந்து ஓட்டையை அடைத்துவிடுவான்.” போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், நான் எழுந்திருக்கிற நேரம் நீ படுக்கப் போகிற நேரம். அதனால் விடியுமுன் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் முழுக்கப் படித்துவிடு.

அந்த ஆளை அடைக்க விடாதே. பிப்ரவரி கடைசியிலிருந்து சத்தம் கேட்கிறது என்கிறாய். டொரன்டோவில் இந்தச் சமயம் கூரைக்குள் இருக்கிற அணில் பெரும்பாலும் குட்டி போட்ட தாயாகத்தான் இருக்கும்.

உன் வீட்டில் இருப்பது கறுப்பு அணில் என்று எழுதியிருந்தாய். நம்ம ஊர் அணில் போல முதுகில் கோடு இல்லை, பூனைக்குட்டி அளவு இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டிருந்தாய். அதுவும் எங்கள் வீட்டுச் சாம்பல் அணிலும் ஒரே இனம், நிறம்தான் வேறு. அதற்குச் சொந்த ஊரே உன் பக்கம்தான், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இங்கிலாந்திலிருந்து 1900 வாக்கில் செசில் ரோட்ஸ் என்ற ஆங்கிலேய வைரச் சுரங்க முதலாளி இங்கே கொண்டுவந்து, க்ரூட் ஸ்கூர் என்ற தன் எஸ்டேட்டில் விட்டார். ஸ்டார்லிங் குருவியையும் கொண்டுவந்தது அவர்தான். அந்த எஸ்டேட் எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரம். டச்சுக்காரர்கள் நட்ட ஓக் மரங்களும் பைன் மரங்களும் இங்கே ஏராளம். ஓக் கொட்டையும் பைன் விதையும்தான் இதற்குச் சாப்பாடு. இந்த மண்ணுக்கே உரிய ஃபைன்போஸ் புதர்க்காட்டில் அதற்குத் தீனி கிடையாது. அதனால்தான் நூறு வருடத்துக்கு மேலாகியும் நாட்டின் இந்தத் தென்மேற்கு மூலையைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஊருக்கு நடுவில் கம்பெனிஸ் கார்டன் என்ற பூங்காவுக்குப் போனால் கையிலிருந்து வேர்க்கடலையை வாங்கித் தின்னும். பார்க்க அழகு. வீட்டுக்குள் வராதவரை.

எங்கள் வீடு நூறு வருடத்துக்கு முந்தைய கட்டடம். தகரக் கூரை, அதற்குக் கீழே பைன் பலகையில் சீலிங். நீ அட்டிக் என்கிற இடத்தை இங்கே எல்லோரும் சீலிங் என்றே சொல்வார்கள். வெந்நீர் கீசர், மின்சார வயர் எல்லாம் அதற்குள்தான். போன ஆகஸ்ட் கடைசியில் அங்கே குடுகுடுவென்று ஓடும் சத்தம் ஆரம்பித்தது. நான் எலி என்றுதான் நினைத்தேன். நாலு வீடு தள்ளி ஒரு படையாச்சி குடும்பம் இருக்கிறது. அவர் சொன்னார்: “அக்கா, ராத்திரி ஓடினால் எலி, விடிந்து ஓடினால் அணில்.”

இவரைப் பற்றி உனக்கு எழுதியதில்லை, இல்லையா? டர்பனில் பிறந்து வளர்ந்தவர். முன்னோர் நேட்டாலுக்குக் கரும்புக் காட்டு வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள். தமிழ் என்று சேர்ந்தாற்போலப் பேச வராது. உறவு சொல்லிக் கூப்பிடுவது, அடுப்படிச் சாமான், சாமி பாட்டு, அவ்வளவுதான் மிச்சம். ஆனால் இங்கே ரைலண்ட்ஸ் பகுதிக் கோயிலில் தேவாரம் பாட நின்றாரென்றால் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த தாளைப் பார்த்தே பாடுவார், ஒரு ழகரம் தப்பாது. தச்சு வேலை தெரிந்தவர். டர்பனில் குரங்குகளோடு மல்லுக்கட்டிப் பழகிய கை. அவரே வந்து பார்க்கிறேன் என்றார். அதற்குள் ஒரு கல்யாணத்துக்காக டர்பன் போக வேண்டியதாகிவிட்டது. எங்களுக்குப் பொறுமை இல்லை. ஒரு கம்பெனிக்குப் போன் செய்துவிட்டோம்.

வந்தவன் ஏணி மேல் நின்றபடியே பார்த்தான். கூரை ஓரப் பலகை ஒரு மூலையில் மக்கி, என் மூன்று விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த அளவே இதற்குப் போதும். ஒரு தகரத் துண்டை வைத்து ஆணி அடித்தான், காசை வாங்கினான், போய்விட்டான். உள்ளே ஏறிப் பார்க்கவே இல்லை. நாங்களும் பார்க்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை காபி போடும்போது ஜன்னலுக்கு வெளியே பரபரவென்று சத்தம். பார்த்தால் அந்த மூலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தகரத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் போய் நின்றும் ஓடவில்லை, வடிவு. அதன் பல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, அதில் ரத்தம். ஜன்னல் திட்டு முழுக்கப் பலகைத் தூள், தேங்காய்த் துருவல் கொட்டினாற்போல. அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. படுக்கையறைக்குப் போய்க் கட்டில் மேல் ஏறி நின்று காது கொடுத்தேன். கோழிக்குஞ்சு கத்துவதுபோல, ரொம்ப மெலிசாக ஒரு சத்தம்.

என் வீட்டுக்காரர் டார்ச்சோடு உள்ளே ஏறினார். கீசருக்குப் பின்னால், சூடு இறங்காமலிருக்கப் பரப்பிய கண்ணாடிப் பஞ்சைப் பிய்த்து, ஓக் இலையை அடுக்கி ஒரு கூடு. கொடியிலிருந்து காணாமல் போன இவருடைய காலுறை ஒன்றும் அதில் இருந்தது. நடுவே மூன்று குட்டிகள். கட்டைவிரல் தடிமன், மேலே லேசான பூமுடி, கண் திறக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் பால் இல்லை.

சுத்தியலால் நானே அந்தத் தகரத்தை நெம்பி எடுத்தேன். அப்புறம் இரண்டு பேரும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ரொம்ப நேரம் அது ஓக் மரத்திலேயே இருந்தது. பிறகு சட்டென்று உள்ளே போனது. வெளியே வரும்போது வாயில் ஒரு குட்டி. வயிற்றுத் தோலைக் கவ்வியிருந்தது, குட்டி அதன் கழுத்தைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டிருந்தது. கிளை வழியாக ஓடி மரத்துப் பொந்தில் வைத்துவிட்டு மறுபடி வந்தது. இரண்டாவதைக் கொண்டுபோனபின் கால் மணி நேரம் ஆளையே காணோம். அந்தக் கால் மணி நேரம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. மூன்றாவதும் போனபிறகுதான் காபி ஞாபகம் வந்தது.

ஏட்டி, பாளையங்கோட்டை ஹாஸ்டலில் வேப்பமரத்திலிருந்து விழுந்த அணில் குஞ்சை நீ உள்ளங்கையில் வைத்துப் பஞ்சைத் திரித்துப் பால் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? நாலாவது நாள் அது போனபோது நீ இரண்டு வேளை சாப்பிடவில்லை. உன் தலைக்கு மேலே நாலு குட்டி கிடந்து சாவதை நீ எப்படித் தாங்குவாய்? தாய் வெளியே இருக்கும்போது அடைத்தால் அதுதான் நடக்கும். நாற்றம் வாரக்கணக்கில் போகாது. தாயும் சும்மா இருக்காது, பக்கத்தில் வேறு ஓட்டை போட்டு நுழையும்.

அதற்காக அதை அங்கேயே குடியிருக்க விடு என்று சொல்லவில்லை. அது வெளியேறத்தான் வேண்டும். அதன் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் கீசருக்குப் போகும் வயரில் ஒரு சாண் நீளத்துக்கு மேல்தோல் போய்ச் செம்பு பளபளவென்று தெரிந்தது. காய்ந்த இலைக்கும் பலகைக்கும் நடுவில் அப்படி ஒரு வயர்! தீப்பிடிக்காமல் இருந்தது தெய்வச் செயல். அதனால் நீ முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மட்டும் பார்க்கச் சொல்.

குட்டிகள் கண் திறக்கவே நாலைந்து வாரம். பால் மறந்து தாயோடு வெளியே ஓட இரண்டு மாதத்துக்கு மேலாகும். மே கடைசி வரை பொறுக்க முடிந்தால் அவை தாமாகவே வெளியே வரத் தொடங்கிவிடும், பிறகு அடைக்கலாம். அவ்வளவு நாள் முடியாது, வயர் மோசம் என்றால், உள்ளே ஏறிக் குட்டிகளைக் கையால் எடுக்கத் தெரிந்த ஆளாகப் பார். சூடு வைத்த பெட்டியில் குட்டிகளைப் போட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் வெளியே வைப்பார்கள். தாய் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகும். உங்கள் ஊர்க் குளிருக்கு அந்தச் சூடு கட்டாயம் வேண்டும். அணில் ஒரு கூட்டோடு நிற்காது, வேறு கூடும் வைத்திருக்கும். பகலில் அட்டிக்கில் லைட்டையும் ரேடியோவையும் போட்டுவைத்தால் சில தாய்கள் சத்தம் பொறுக்காமல் தாமாகவே இடம் மாற்றிவிடும். அதை முதலில் செய்துபார், செலவில்லாத வேலை.

கூண்டு வைத்துப் பிடிக்கலாம் என்று மருமகள் சொன்னாளாமே. உங்கள் ஒன்டாரியோவில் பிடித்ததை 1 கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். அது ஆடி அசைந்து திரும்பி வந்துவிடும். குட்டியுள்ள தாய் என்றால் கேட்கவே வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம். அணில் அதை ஒதுக்கிவிட்டுப் போகும், நெடி பேரன் மூச்சில்தான் ஏறும். விஷம் வைக்கிற பேச்சே எடுக்காதே. இங்கே 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. கேப் டவுன் மலையடிவாரத்தில் கராகல் என்றொரு காட்டுப்பூனை உண்டு. சோதித்த பூனைகளில் பெரும்பாலானவற்றின் உடம்பில் எலி மருந்து இருந்தது. எலிக்கு வைத்த விஷம் எங்கே போய் ஏறுகிறது பார்.

அடைக்கிற விதத்தைப் படையாச்சி அண்ணன் செய்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். டர்பனிலிருந்து வந்ததும் அவர் ஓட்டையில் ஒரு செய்தித்தாளைக் கசக்கிச் செருகினார், அவ்வளவுதான். இரண்டு நாள் போய்ப் பார்த்தார். தாள் அசையாமல் அப்படியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் சுத்தியலையே தொட்டார். மக்கின பலகையை மாற்றினார். அதன்மேல் துத்தநாகம் பூசிய, அரை இஞ்சுக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பி வலையை வளைத்து, ஆணியில்லாமல் வாஷர் போட்ட ஸ்க்ரூவால் முடுக்கினார். கோழிக்கூட்டு வலை கூடாது, பிய்த்துவிடும். டப்பாவிலிருந்து பீய்ச்சுகிற நுரையைக் கேக் மாதிரி தின்னும். சுவரில் காற்றுப் போக ஓட்டை விட்ட செங்கல்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் உட்பக்கம் அதே வலை. காற்று போக வேண்டும், அணில் போகக் கூடாது. அந்த ஒரு கணக்கைத்தான் அவர் பார்த்தார். கடைசியில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த எங்கள் ஓக் கிளையை மூன்று மீட்டர் தள்ளி வெட்டினார். எட்டடி, ஒன்பதடி அது சுலபமாகத் தாண்டும்.

உங்கள் கூரை மேல் பிளாஸ்டிக் மூடி போட்ட காற்றுக்குழாய்கள் இருக்கும். அவை அதன் பல்லுக்கு அப்பளம். இரும்பு மூடியோ கம்பிக்கூண்டோ போடச் சொல். ஆனால் ஒன்று, துணி காயவைக்கிற மெஷினின் குழாய்க்கு வலை போட விடாதே. பஞ்சு அடைத்துக்கொண்டு அதுவே தீப்பிடிக்கும். ஹீட்டர் புகை போகிற குழாயையும் இந்த ஆள் தொட வேண்டாம், அதற்கென்று உள்ளவர்தான் தொட வேண்டும்.

இங்கே வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. மகள் ஈஸ்டருக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறாள். கறிவேப்பிலைச் செடி ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

சனிக்கிழமை அந்த ஆள் வந்ததும், ஏணியை எடுக்குமுன் எனக்குப் போன் போட்டு அவனிடம் கொடு. உனக்குக் காலை என்றால் எனக்கு மதியம்தான், கையிலேயே வைத்திருப்பேன்.

உன்
கோமதி