தம்பியின் கதை

அன்பு ராசா,

போன ஞாயிறு போனில் கேட்டாயே, ஒரு அறைக்குள்ளேயே வளர்ந்த பொடியனின் கதை என்ன கதை, அதற்கு என்ன முடிவு என்று. மகளுக்குச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன் என்றாய். அன்றிலிருந்து எனக்கும் அதே யோசனைதான்.

அது அம்மப்பாவின் புத்தகம். அட்டையையும் முதல் பக்கங்களையும் கறையான் தின்றுவிட்டதால் யார் எழுதியது, கதையின் பெயர் என்ன என்று அப்போதே எனக்குத் தெரியாது. கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து, அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிப்போம். கறுத்த போத்தலைச் சாம்பல் போட்டுத் துடைப்பது உன் வேலை. இங்கிலீசில் வாசித்து உனக்குத் தமிழில் சொல்வேன். எண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டும், அதனால் ஓர் இரவுக்கு இரண்டு மூன்று பக்கம்தான்.

அது காலப்பயணக் கதை, அதனால் முதலில் எச். ஜி. வெல்ஸ் எழுதியது என்று நினைத்தேன். 1895இல் வந்த 'தி டைம் மெஷின்' கதையை எடுத்துப் பார்த்தேன். அதில் வருகிறவன் எட்டு லட்சம் ஆண்டுகள் முன்னோக்கிப் போகிறான். நம்முடைய பொடியனோ பழைய காலத்திலிருந்து கொண்டுவரப்பட்டவன். பிறகு நம் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற இங்கிலீஸ் ரீச்சரிடம் கதையைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் பிடித்துவிட்டார். ஐசக் அசிமோவ் எழுதிய 'தி அக்லி லிட்டில் பாய்'. 1958இல் 'கலக்ஸி' இதழில் வந்தபோது அதற்கு 'லாஸ்ட்பார்ன்' என்று பெயராம். 'அக்லி லிட்டில் பாய்' என்றால் வடிவில்லாத, அழகற்ற பொடியன்! எனக்கு அந்தத் தலைப்புப் பிடிக்கவில்லை. ஆனால் கதையில் வரும் தாதிக்கும் முதல் பார்வையில் அவன் அப்படித்தான் தெரிந்தான்.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நியண்டர்தால் என்ற ஆதிமனித இனத்துக் குழந்தை அவன். ஆராய்ச்சிக்காகக் கொண்டுவருகிறார்கள். அந்த அறையை விட்டு அவனை வெளியே எடுத்தால் தாங்க முடியாத அளவு மின்சாரம் செலவாகும், அதனால் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஒரு தாதி. அவள் அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள், வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். டிம்மி என்று பெயரும் வைக்கிறாள். நான் உனக்குச் சொல்லும்போது அவனைத் 'தம்பி' ஆக்கிவிட்டேன். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் உனக்குக் கதை எப்படிக் கிடைக்கும், ராசா?

முடிவை நீ மறக்கவில்லை. கேட்கவே இல்லை. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, புத்தகம் மேசையில் கிடக்க, மழைக்குள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தடியில், அந்தச் சனத்துக்குள், "அம்மா, தம்பி வெளியே வந்தானா?" என்று கேட்டாய். எனக்கு முடிவு தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. சாவகச்சேரி போய்ச் சொல்கிறேன் என்றேன். பிறகு நீயும் கேட்கவில்லை.

இப்போது சொல்கிறேன். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவன் தேவைப்படாமல் போகிறான். அந்த இடத்துக்கு வேறு காலத்து ஆளைக் கொண்டுவர வேண்டும், இவனைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். வீட்டுப் பாஷையும் வேட்டையும் தெரியாத பிள்ளை அங்கே தனியாக என்ன செய்யும்? அந்த மனுசி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவனைத் திருப்பி அனுப்பும் கயிற்றைத் தானே இழுக்கிறாள். அறை வெறுமையாகிறது. அவனோடு அவளும் போய்விட்டாள்.

பேத்திக்கு இன்றிரவே சொல்லு. பெயரைத் தம்பி என்றே வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா