முதல் டிராக்கை அழித்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பி,

நீ தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அனுப்பிய மாண்டலின் பிரேக், அதாவது பாட்டின் நடுவே நீ தனியாக முன்னுக்கு வந்து வாசிக்கும் பகுதி, வந்து சேர்ந்தது. இரண்டாம் பாதியில் ஈ (E) தந்தியில் மேலே ஏறி, ஒரே சுரத்தை வேகமாக மீட்டிக்கொண்டே இருக்கும் டிரெமோலோவில் சற்று நின்று, அவசரமே இல்லாமல் இறங்கி வருகிறாய். நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் இந்தக் கடிதம். அந்தப் பிரேக்குக்குக் கீழே என் கிட்டார் மாவு மில் மோட்டார் போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அழித்துவிடு என்றால், "இருக்கட்டும் அண்ணா, நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறாய். போனில் எத்தனை முறை சொன்னாலும் இதே பதில். நம்மைப் போல ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து பதிவு செய்பவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

அந்தக் கிட்டாரை வாசித்தபோது நீ என்ன வாசிக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம், கையில் ஜி, சி, டி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்). அவ்வளவுதான். நீ பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடிச் சுவர் வேண்டும் என்பதற்காக வாசித்தது அது. கச்சேரியில் பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின்காரர் ஓர் இமைப்பொழுது பின்னால் வருவார். அவர் கேட்ட பிறகே வாசிக்கிறார். நாமோ பக்கவாத்தியத்தை முதல்நாள் பதிவு செய்து வைத்துவிட்டு, மறுநாள் பாடகரை அழைத்து அதன்மேல் பாடச் சொல்கிறோம். தொலைவிலிருந்து பதிவு செய்வதில் இதைத் தவிர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையே இறுதி என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

நாம் ஆசைப்பட்டு வாசிக்கும் இந்த அமெரிக்க புளூகிராஸ் இசைக்கு அந்தப் பெயரே கென்டக்கியில் பிறந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுப் பெயரிலிருந்து வந்தது. அந்தக் காலத்து மேடைகளில் முழுக் குழுவுக்கும் பெரும்பாலும் ஒரே மைக். பிரேக் வாசிப்பவர் மைக்கை நோக்கி வருவார், மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள். முடிந்ததும் அவர் விலக, அடுத்தவர் உள்ளே வருவார். சத்தத்தைக் கூட்டிக் குறைத்தது கால்கள்தான். நம் ஃபைல்களுக்குக் கால் கிடையாது. நீ முன்னே வருவது என் கிட்டாருக்குத் தெரியாததால் அது வழிவிடவும் இல்லை. கணினியில் அதன் ஒலியளவைக் குறைத்துவிடலாமே என்பாய். குறைக்கலாம். குறைத்தால், முரட்டுத்தனமாக வாசித்த கிட்டார் தூரத்திலிருந்து முரட்டுத்தனமாகக் கேட்கும். மெதுவாக வாசித்ததாக ஆகாது.

நேரலையில் சேர்ந்து வாசிக்கலாம் என்ற உன் பழைய யோசனையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நமக்கு நடுவே இருப்பது காவேரிப்பட்டணமும் காரிமங்கலமும்தான். ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆனால் வீடியோ அழைப்பில் ஒலி அந்த நெடுஞ்சாலை வழியே வருவதில்லை. எங்கெங்கோ இருக்கும் சர்வர்களைச் சுற்றி, வழியில் சுருங்கி விரிந்து வருகிறது. ஒரே அறையில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உன் ஒலி என்னை அடைய சுமார் 9 மில்லி விநாடி ஆகும். 25, 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கத் தொடங்கி, லயம் இழுபட்டு, பாட்டு தானாகத் தளர்ந்துவிடும். வீடியோ அழைப்பில் தாமதம் அதைவிடப் பல மடங்கு. போதாக்குறைக்கு அந்தச் செயலிகள் மாண்டலினை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடுகின்றன. மாம்பழ சீசன் முடியும்வரை கூழ் ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட். உனக்குக் கடை சாத்தவே பத்து மணி. ஆகவே ஒருவர் வாசித்து அனுப்ப மற்றவர் கேட்டு வாசிப்பது என்ற இந்த முறையை விட்டால் நமக்கு வழியில்லை.

இருக்கிற முறையையே ஒழுங்காகச் செய்வோம். முதலில் என் வழிகாட்டிக் கிட்டார். அதன்மேல் நீ உன் பிரேக்கையும் நான் என் பிரேக்கையும் பதிவு செய்வோம். பிறகு வழிகாட்டியை அழித்துவிட்டு, உன் பிரேக்கைக் கேட்டுக்கொண்டே நான் பின்னணியைப் புதிதாக வாசிப்பேன். என் பிரேக்கைக் கேட்டுக்கொண்டு நீ வாசிப்பாய். வேலை கூடத்தான் செய்யும். ஆனால் நீ டிரெமோலோவில் நிற்கும் அந்த இடத்தில் நான் எல்லாத் தந்திகளையும் வருடும் ஸ்ட்ரம்மை நிறுத்தி, ஆதார சுரத்தை மட்டும் தொட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியும். இப்போது அங்கே சளசளவென்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, என் பிரேக் ஓடும்போது கீழே ஓட்டை விழுகிறது, இன்னொரு ரிதம் கிட்டாரைச் சேர்த்துவிடுங்கள் என்றாயே, அது. ஓட்டை விழுவது உண்மை. வழக்கமாக நான்கு அடித் தாளத்தின் முதல், மூன்றாம் அடிகளில் என் கிட்டாரின் கீழ்த் தந்தி. இரண்டாம், நான்காம் அடிகளில் உன் சாப், அதாவது கார்டை அடித்தவுடன் ஒலியை வெட்டிவிடும் அடி. நான் பிரேக்குக்குப் போனதும் ஒன்றும் மூன்றும் அனாதையாகிவிடுகின்றன. கிட்டாரின் கீழ்த் தந்தி 82 ஹெர்ட்ஸ், உன் மாண்டலினின் கீழ்த் தந்தி 196. அந்த இடத்தை உன்னால் முழுதாக நிரப்ப முடியாதுதான். இருந்தாலும் இன்னொரு கிட்டாரைச் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை. கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பதாகத் தெரிய வேண்டும். மூன்றாவதாக ஓர் ஆள், அதுவும் நானே, எங்கிருந்து வந்தான்? நீ வெறும் சாப் மட்டும் அடிக்காதே. ஒன்றிலும் மூன்றிலும் ஜி தந்தியை இலேசாகத் தொடு. சாப்பை இறுக்கி வெட்டாமல், விரலைத் தளர்த்துவதைச் சற்றுத் தாமதப்படுத்தி, கார்டைக் கொஞ்சம் ஒலிக்கவிடு. அகௌஸ்டிக் கிட்டாரில் ஒற்றைத் தந்தி வாசிப்பு மெல்லியது. நீ முரட்டுச் சாப் அடித்தால் அடுத்து நான் வாசிப்பது யார் காதிலும் விழாது.

உன் பிரேக்கில் கமகம் முயன்றிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆசை புரிகிறது. ஆனால் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தியில் அதைச் செய்யவில்லை. இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறிக்கொண்டார். உன் கருவியில் இரண்டு தந்தியையும் ஒரே அளவு இழுக்காவிட்டால் சுருதி பிளந்துவிடும். அங்கே விரலைத் தந்தியில் சறுக்கினாலே போதும்.

சில சில்லறை விஷயங்கள். புளூடூத் ஹெட்ஃபோனைத் தூர வை; அதில் கேட்கும் கிளிக்கே தாமதமாக வருகிறது. எல்லா ஃபைலும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும், பிரேக் நடுவில் வந்தாலும் சரி. எம்பி3 வேண்டாம், அது முன்னால் ஒரு துளி மௌனத்தை ஒட்டிவிடுகிறது. வேவ் (WAV) ஃபைலாக அனுப்பு. பதிவின் மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) 48 கிலோஹெர்ட்ஸ் என்று பேசினால் இருவருக்கும் 48. 44.1-இல் பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் பாட்டு ஏறத்தாழ 9 சதவீதம் வேகமாகி, ஒன்றரை அரைச்சுரம் மேலே போய்விடும். மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைக்காதே, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வை. ஃபேனை நிறுத்து. வியர்க்கட்டும்.

அடுத்த பாட்டு ஜி-யிலா ஏ-யிலா என்று கேட்டிருந்தாய். ஏ. நான் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கிளிப்) போட்டுக்கொள்கிறேன். உனக்கு ஏ, ஈ தந்திகள் இரண்டும் திறந்தபடி கிடைக்கும். வேகம் நிமிடத்துக்கு 96 அடி. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதாகச் சொன்னாய், போய் வா. கிளம்பும் முன் இப்போது கையிலிருக்கும் பாட்டுக்கு என் பிரேக்கின் கீழே புதிய மாண்டலின் பின்னணியை வாசித்து அனுப்பிவிடு. அதைக் கேட்டுவிட்டுத்தான் என் பிரேக்கை அப்படியே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று முடிவு செய்வேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரி அண்ணன்