வாத்தியாருக்கு ஒரு காப்பிப் பாத்திரம்

குளுவாங்,
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியை என் மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் நலம். மழைதான் விடுவதாக இல்லை, மூன்று நாளாகத் துணி காயவில்லை. நாம் பிறந்த தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டு வரிசையையும் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே செம்பனைக் கன்று நிற்கிறது.

சரி, நம் பள்ளிக்கூட வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். எண்பதாவது பிறந்தநாளுக்கு பிரெஞ்ச் பிரஸ், அதாவது தூளும் வெந்நீரும் ஊற வைத்து வலைத் தட்டை அழுத்தி வடிக்கும் காப்பிப் பாத்திரம், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நீ படம் அனுப்பிய கண்ணாடிக் குடுவை வேண்டாம். போன தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளர் நடுங்கித் தண்ணீர் விளிம்பில் தளும்பியது, இடது கையை அடியில் முட்டுக் கொடுத்துத்தான் நீட்டினார். அந்தக் கைக்கு இரட்டைச் சுவர் எவர்சில்வர்தான் சரி. விழுந்தாலும் உடையாது, வெளியே தொட்டால் சுடாது, காப்பியும் சீக்கிரம் ஆறாது. கைப்பிடிக்குள் நாலு விரலும் தாராளமாக நுழைகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பார்த்துவிடு.

அப்புறம் அளவு. பெட்டியில் ‘எட்டு கப்’ என்று போட்டிருந்தால் அது ஒரு லிட்டர் பாத்திரம். அவர்கள் கப் என்பது நம் வீட்டுக் கோப்பையில் பாதிதான். வாத்தியார் தனியாள், 350 மில்லி போதும்.

பாத்திரத்தைவிட உள்ளே போடும் தூள்தான் எனக்குக் கவலை. எனக்கு முதலில் பிரஸ் கிடைத்தபோது வீட்டில் இருந்த ‘கோப்பி ஓ’ (கடுங்காப்பி) தூளையே போட்டேன். சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்து, துணிப்பையில் வடிப்பதற்கென்று நைசாக அரைத்த தூள். துணிப்பையில் வடித்தால் அதற்கு ஈடு கிடையாது, ஆனால் பிரஸ்ஸின் வலையை அது அடைத்துக்கொண்டது. பிடி கீழே இறங்கவில்லை. எழுந்து நின்று அழுத்தினேன், சூடான காப்பி பீறிட்டு மணிக்கட்டில் அடித்தது. கொப்புளம் ஆற இரண்டு வாரம். வாத்தியாருக்கு அது நடக்கக் கூடாது.

அதனால் சீனி, மார்ஜரின் சேர்க்காமல் வறுத்த கொட்டையை வாங்கிக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்ல வேண்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் ரவையைவிடப் பருமனாக, இடித்த கல்லுப்பு மாதிரி நெருட வேண்டும்.

எந்தக் காப்பி? நீ எத்தியோப்பியா, கொலம்பியா என்று எழுதியிருந்தாய். நான் நம் லைபீரிக்கா வகையைத்தான் சொல்வேன். நம் மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி இன்றும் அதுதான், அதிலும் நிறைய எங்கள் ஜொகூர் மாநிலத்தில். வறுத்த பையைத் திறந்தால் பழுத்த பலாச்சுளை வாசம் ஒன்று வரும். வாத்தியாருக்கு அது வெறும் வாசமாக இருக்காது. ஆறாம் வகுப்பில் அவர் நடத்திய பாடம் நினைவிருக்கிறதா? இலங்கையில் 1869இல் இலைத் துருநோய் கண்டு காப்பித் தோட்டங்கள் அழிந்தது, துரைமார் சிலர் மலாயா வந்து லைபீரிக்கா நட்டது, 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி குவிந்து விலை சரிந்ததும் தோட்டங்கள் ரப்பருக்கு மாறியது எல்லாம். “பால்மரம் வெட்டுறதுக்கு முன்னாடி காப்பிப் பழம் பறிச்ச கைடா நம்ம கை” என்று கையைத் தூக்கிக் காட்டினாரே. அந்தக் கைக்கு அந்தக் காப்பியைக் கொடுக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவர் மகளிடம் கேட்டுக்கொள். காகித வடிகட்டி பிடித்து வைக்கும் எண்ணெய்ப் பசை பிரஸ் காப்பியில் அப்படியே இறங்கும். அதில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பை ஏற்றக்கூடியது. அவர் கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டபிறகு தருவோம். தினம் ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம் என்றும் நானே சொல்லிவிடுகிறேன்.

கொட்டை என் பொறுப்பு. அரைத்த தூளின் மணம் சீக்கிரம் போய்விடும், அதனால் விழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் அரைத்து எடுத்துவருவேன். ஒரு அட்டையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: தூள் 20 கிராம், தண்ணீர் 300 மில்லி, கொதி அடங்கி அரை நிமிடம் கழித்து ஊற்றவும், நாலு நிமிடம் பொறுக்கவும், மெதுவாக அழுத்தவும், கடைசி வாயைக் குடிக்காமல் விடவும். டின் பால் அவர் இஷ்டம்.

நீ பாத்திரத்தை வாங்கியதும் கைப்பிடியைப் பற்றி எழுது. ரயிலில் வருகிறேன். முடிந்தால் நீ ஒருநாள் முன்னாடியே இங்கே வா, ஸ்டேஷன் கேன்டீனில் ரொட்டி பாக்கார் சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
உன் பழைய லயத்துக்காரன்